நர்ஸம்மா பதில்கள்: சுகாதாரக் கொள்கைக்கு நாமும் எழுதலாம்

(கிராம சுகாதாரச் செவிலியராக வேலையில் சேர்ந்து, பகுதி சுகாதாரச் செவிலியராக ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. தேசிய சுகாதாரக் கொள்கையில் என்ன மாற வேண்டும், அதை அரசிடம் எப்படிச் சொல்வது என்று இந்த முறை நிறையப் பேர் கேட்டிருந்தார்கள்.)

கொள்கையை டெல்லியில் யாரோ எழுதுகிறார்கள். நாம் எழுதிப் போட்டால் யார் படிக்கப் போகிறார்கள்?
– வாசகர், தென்காசி

நியாயமான கேள்வி. போன முறை நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2017 கொள்கை. 1983, 2002 கொள்கைகளுக்கு அப்புறம் வந்த மூன்றாவது. இதன் வரைவை 2014 டிசம்பர் 30 அன்று பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். கருத்து கேட்டார்கள், மாநில அரசுகளோடு பேசினார்கள், 2016 பிப்ரவரியில் மத்திய சுகாதாரக் குழுமத்தில் வைத்தார்கள், 2017 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது.

வரைவில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. கல்விக்குச் சட்டம் போட்ட மாதிரி சுகாதாரத்துக்கும் உரிமைச் சட்டம் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். இறுதிக் கொள்கையில் அது இல்லை. படிப்படியாக உறுதிசெய்வோம் என்கிற அளவில் நிறுத்திவிட்டார்கள். களத்தில் வேலை பார்த்த எனக்கு அது பெரிய வருத்தம், இன்றும் இருக்கிறது. (ராஜஸ்தான் மாநிலம் 2023-ல் தனியாக அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது.) ஆனால் நல்லதும் இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து, பரிசோதனை, அவசர சிகிச்சை மூன்றையும் இலவசமாகத் தர வேண்டும் என்று எழுதினார்கள். சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்ப சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றும் எழுதினார்கள். அரசு செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றார்கள். அரசின் சொந்தக் கணக்கிலேயே 2021–22-ல் அது 1.84 சதவீதம்தான்.

ஆக, வரைவுக்கும் இறுதிக்கும் வித்தியாசம் இருக்கிறது. யாரோ படித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சாதாரண ஆள் உட்கார்ந்து எழுதி அனுப்பினால், ‘உங்கள் யோசனை வந்தது, இதை ஏற்றோம், இதை இந்தக் காரணத்தால் ஏற்கவில்லை’ என்று அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அந்தக் கொள்கையில் எங்கேயும் எழுதப்படவில்லை. என்னுடைய ஆதங்கமெல்லாம் அதில்தான். கடைசிக் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

நான் பத்தாவது வரைதான் படித்தேன். கொள்கை, சதவீதம் எல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். மாமியாருக்கு சுகர், பிரஷர் இரண்டும். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அவருக்கும் போன வருஷம் பிரஷர் என்று சொல்லிவிட்டார்கள். நான் என்னத்தை எழுத?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

அம்மா, எழுத வேண்டியதே நீங்கள்தான். சதவீதம் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாத்திரை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்ததை மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன். வீட்டுக்காரர் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்து, சின்ன நோட்டு போட்டு, ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். திருப்பூர் திரும்பினார். மாத்திரை தீர்ந்ததும் அங்கே ஒரு நிலையத்துக்குப் போனார். ‘இந்த நோட்டு இங்கே செல்லாது, புதுசா பதிவு போடணும், காலையில் வெறும் வயிற்றோடு வாங்க’ என்று சொல்லிவிட்டார்கள். காலையில் போனால் ஷிஃப்ட் போச்சு, கூலி போச்சு. மெடிக்கலில் வாங்கினார். அதற்கப்புறம் கையில் காசில்லாத வாரத்தில் விட்டுவிட்டார். தலைசுற்றல் இல்லாததால் இப்போது சாப்பிடுவதே இல்லை.

நான் வேலையில் இருந்த காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் தெரியாது. அதுதான் ஆபத்து. வலியே இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கெட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் வாய் கோணி, கை விழுந்து தூக்கிக்கொண்டு வருவார்கள். பக்கவாதத்தில் படுத்தவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் வேலையை விட வேண்டும். இத்தனைக்கும் பிரஷருக்கான அம்லோடிபின் மாத்திரையும் சுகருக்கான மெட்ஃபார்மினும் அரசுக்கு மிக மலிவாகக் கிடைப்பவை. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், நோயாளியும் வரத் தயார். நோட்டு செல்லவில்லை, அவ்வளவுதான் தடை.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ உங்கள் மாமியார் போன்றவர்களுக்கு நல்ல ஏற்பாடு. தன்னார்வலர் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். வீட்டில் இருப்பவருக்கு அது சரி. பகல் முழுக்க கம்பெனியில் நிற்கிறவர், ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் அங்கே என்று இருப்பவர், அவரை எந்த வீட்டில் தேடுவது? திருப்பூரில் நம் ஊர்க்காரர் மட்டுமா இருக்கிறார்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் சீட்டு இந்தியில் இருக்கிறது. மாநிலம் தாண்டிய பிரச்சினை என்பதால்தான் இதைத் தேசியக் கொள்கைக்கு எழுத வேண்டும்.

சரி, நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான். இப்படியே எழுதுங்கள்:

‘ஐயா, என் கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். அவருக்கு ரத்த அழுத்தம். சொந்த ஊரில் போட்ட நோட்டை வேலை செய்யும் ஊரில் ஏற்கவில்லை. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டார். நாட்டில் எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோட்டைக் காட்டினாலும் அன்றைக்கே ஒரு மாதத்துக்கான மாத்திரை கொடுக்க வேண்டும், மறுபரிசோதனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கொள்கையில் எழுதுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது மாலை நேரத்தில் மாத்திரை கொடுங்கள்.’

எந்த இடத்தில், யாருக்கு, எதனால் தடைப்பட்டது, எப்படி மாற்றலாம் எல்லாம் இதில் வந்துவிட்டது. இதற்கு மேல் எந்த நிபுணரும் எழுத முடியாது.

மத்திய அரசுக்கு எழுதுவதா, மாநில அரசுக்கா?
– வாசகர், நாமக்கல்

பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியல். குடும்பக் கட்டுப்பாடும் மருந்துச் சட்டங்களும் பொதுப் பட்டியல். மருந்து விலைக்கு உச்சவரம்பு வைப்பது மத்திய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். தேசியக் கொள்கைக்கான யோசனையை மத்திய அரசுக்கு எழுதுங்கள். நர்ஸ் பணியிடம் காலி என்றால் மாநிலத்துக்கு எழுதுங்கள். சாக்கடை தேங்கினால் பஞ்சாயத்துக்கு. உடனே தீர வேண்டிய புகாருக்குக் கடிதம் வேண்டாம், சுகாதார உதவி எண் 104-க்கோ முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கோ போன் போடுங்கள். புகார் வேறு, யோசனை வேறு. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்தால் புகாரை மட்டும் பிரித்துக் கீழே அனுப்பிவிட்டுக் கோப்பை முடித்துவிடுவார்கள்.

தனி ஆள் எழுதி எதாவது மாறியதுண்டா? ஒரு உதாரணம் சொல்லுங்கள், நம்புகிறேன்.
– வாசகர், மதுரை

சொல்கிறேன். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட். மருந்து பூசிய ஸ்டென்ட்டை ஒரு லட்சத்துக்கும் மேல் விலை வைத்து விற்ற காலம் அது. பிரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர், தெரிந்தவர் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது அந்தப் பெட்டியில் விலையே அச்சிடவில்லை என்று கவனித்தார். டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். 2016 ஜூலையில் ஸ்டென்ட்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். 2017 பிப்ரவரியில் விலை ஆணையம் உச்சவரம்பு வைத்தது: சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய், வரி தனி. நாடு முழுக்க ஒரே உச்சவரம்பு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்த எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைக்காமல் திரும்பியிருக்கும்!

அவர் கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி: பெட்டியில் விலை எங்கே? அதனால்தான் அது எடுபட்டது. ‘மருத்துவச் செலவைக் குறையுங்கள்’ என்று கேட்டிருந்தால் யாரும் எதையும் குறைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் போனது நீதிமன்றத்துக்கு. அங்கே மனுவை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டால் அரசு பதில் மனு தாக்கல் செய்தே ஆக வேண்டும், நாள் குறித்துக் கேட்பார்கள். நீங்களும் நானும் போடும் கடிதத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டார்கள். ஐந்து லட்சம் வரை இலவசம். இனி கொள்கையில் கேட்க என்ன இருக்கிறது?
– வாசகர், சேலம்

அட்டை அவசியம். மாநிலத்தில் 2009-ல் தொடங்கிய காப்பீடும், 2018-ல் வந்த மத்தியத் திட்டமும் பல ஆபரேஷன்களைச் சாத்தியமாக்கியவை. 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லை. வீட்டில் பெரியவர் இருந்தால் மறக்காமல் பதியுங்கள்.

ஆனால் அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். மாதா மாதம் மெடிக்கலில் கொடுக்கும் காசு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் இதெல்லாம் கைக்காசுதான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போனது 2013–14-ல் 64.2 சதவீதம், 2021–22-ல் 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாய் இன்னும் மடியிலிருந்துதான் போகிறது. படுக்கைக்குப் போகாமல் தடுக்கிற சிகிச்சைக்கு என்ன வழி என்று கேட்டு எழுதுங்கள்.

கிராம சபையில் சுகாதாரம் பேசினால் பலன் உண்டா? எங்கள் ஊரில் ரோடு, தெருவிளக்கு தாண்டிப் பேச்சே போவதில்லை.
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

உண்டு. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: உங்கள் ஊருக்கென்று கிராம சுகாதாரம், ஊட்டச்சத்து, துப்புரவுக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2005-ல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் அமைத்தார்கள். ஊர் மட்டத்தில் இப்படிக் குழு வேண்டும் என்று நாட்டின் சுகாதார வசதிகளை ஆராய்ந்த, ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழு 1946-லேயே சொல்லிவிட்டது, நடைமுறைக்கு வர அறுபது வருடம் ஆனது! வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று ஒரு தொகை, இன்ன செலவுக்குத்தான் என்ற கட்டு இல்லாமல், ஊரே முடிவு செய்து செலவழிக்கலாம் என்று வந்தது. பஞ்சாயத்துத் தலைவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வங்கியிலிருந்து பணம் எடுக்க முடியும்.

அந்தக் காசோலைகளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெரும்பாலான ஊர்களில் பிளீச்சிங் பவுடர் வாங்கிக் கணக்கு எழுதி முடித்துவிடுவார்கள். ஒரு ஊரில் மட்டும் ஒரு பாட்டி எழுந்து, ‘பவுடர் வாங்குறது சரி ஆத்தா, தொட்டியைக் கழுவுறாங்களான்னு யார் பாக்குறது? நான் மூணு மாசமா பாக்குறேன், ஏணியே வைக்கலை’ என்றார். கூட்டத்தில் சத்தமே இல்லை. அன்றைக்கே தீர்மானம் எழுதினோம்: தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியின் காலில் பெயிண்ட்டால் எழுத வேண்டும், எழுதவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும். எழுதினார்கள். அந்த மழைக்காலத்தில் அந்தத் தெருவில் எனக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வேலை குறைந்தது.

பாட்டி கேட்டது கண்ணுக்குத் தெரிகிற பதில். தேதி இருக்கிறதா இல்லையா என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். உங்கள் ஊர் சபையில் இந்தக் குழுவின் பாஸ்புக்கைக் கேளுங்கள். நடுவில் பணம் வராத வருடங்கள் இருந்தால், ஏன் வரவில்லை என்று கேட்டுத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். அடுத்த சபை வரை காத்திருக்க வேண்டாம், செவிலியரைத் துணை சுகாதார நிலையத்திலேயே பார்த்துப் பேசலாம்.

நான் பிளஸ் டூ படிக்கிறேன். ஓட்டு கூட இல்லை. நான் எழுதலாமா?
– வாசகி, திண்டுக்கல்

தாராளமாக எழுது கண்ணு. கருத்துச் சொல்ல வயது வரம்பு கிடையாது. பள்ளிக் கழிப்பறையில் எந்த நேரத்தில் தண்ணீர் நிற்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், நாப்கினை எங்கே போடுவது, வாரா வாரம் தருகிற இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை பேர் வயிற்றைப் பிரட்டுகிறது என்று கையில் மறைத்துத் தூக்கிப் போடுகிறார்கள், இதையெல்லாம் உன்னைவிட யார் சொல்ல முடியும்? வளர்இளம் பெண்களின் ரத்தசோகைக்கு நாட்டில் திட்டம் இருக்கிறது. மாத்திரையைத் தூக்கிப் போடுவதற்கான காரணத்தை நீ எழுது.

என் மகன் டாக்டர். கொள்கை வகுப்பது படித்தவர்கள் வேலை, ஆளாளுக்கு யோசனை சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும் என்கிறான். வேறு நாடுகளில் இப்படி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

தம்பிக்குத் தாய்லாந்தைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே 2002-ல் எல்லாருக்கும் சிகிச்சை என்று சட்டம் வந்தது. ஒரு முறை போனால் 30 பாட் கட்டணம் என்பதால் ‘முப்பது பாட் திட்டம்’ என்றே பெயர். அந்தச் சட்டத்துக்காகப் பொதுமக்கள் அமைப்புகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கித் தங்கள் வரைவையே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நோயாளிகளும் சிகிச்சை தருபவர்களும் சொல்வதைக் கேட்க ஆண்டுதோறும் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2007-ல் இன்னொரு சட்டம் போட்டு, 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவை நடத்துகிறார்கள். அரசு அதிகாரி, டாக்டர், பேராசிரியர், ஊர் அமைப்புகள் எல்லாரும் ஒரே மண்டபத்தில். எதைப் பேசுவது என்பதை முன்கூட்டியே கேட்டு, ஆவணம் தயாரித்து, வட்டாரங்களில் பேசிய பிறகே பேரவைக்கு வருகிறது. ஒருமித்த கருத்தாக வந்ததைத் தீர்மானமாக்குகிறார்கள்.

பிரேசிலில் இன்னும் ஒரு படி மேல். 1990 சட்டப்படி சுகாதாரக் குழுக்களில் பாதி இடம் சிகிச்சை பெறும் மக்களுக்கு.

எந்த மருந்து, எவ்வளவு அளவு என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும், அதில் நமக்கு வேலை இல்லை. அந்த மருந்து நோயாளி கைக்கு வந்து சேராத காரணத்தை அவர் அறையில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. வாசலில் டோக்கன் வாங்க நிற்பவர்தான் சொல்ல முடியும்.

நீங்கள் ஒரே ஒரு யோசனை எழுதலாம் என்றால் என்ன எழுதுவீர்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில் சொல்லும் கடமையைக் கொள்கையில் எழுதுங்கள் என்று எழுதுவேன்.

செவிலியர் பணியிடம், மருந்து, கட்டடம் எல்லாம் முக்கியம், எல்லாவற்றுக்கும் நான் பட்டபாடு இருக்கிறது. ஆனாலும் இதைத்தான் எழுதுவேன். காரணம் சொல்கிறேன். ஊர்களில் நான் யோசனை கேட்டபோதெல்லாம் முதல் கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். நல்லதாகவே பேசினார்கள். மினிட்ஸ் எழுதி மேலே அனுப்பினேன். ஒன்றும் வராது. அடுத்த கூட்டத்துக்குப் பாதிப்பேர். அதற்கடுத்து வருவது அங்கன்வாடி டீச்சரும் ஆயாவும் மட்டும்தான். ‘போன தடவை சொன்னது என்ன ஆச்சு நர்ஸம்மா?’ என்று வழியில் கேட்பார்கள். ‘முடியாது, இந்தக் காரணம்’ என்று மேலே இருந்து ஒரு வரி வந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். முடியாது என்ற பதிலைக்கூட மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே இல்லாததைத்தான் தாங்க முடிவதில்லை. பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் ‘மக்கள் ஒத்துழைப்பு இல்லை’ என்று அறிக்கை போகிறது. அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு எரியும்.

இது முடியாத காரியமும் இல்லை. சட்டங்களுக்கு 2014-லிருந்தே மத்திய அரசில் ஒரு நடைமுறை இருக்கிறது. சட்ட முன்வடிவை 30 நாளாவது பொதுவில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் போட வேண்டும் என்று. அதைச் சுகாதாரக் கொள்கைக்கும் கொண்டுவாருங்கள், சுருக்கத்தோடு நிற்காமல் ஏற்றதும் ஏற்காததும் காரணத்தோடு வரட்டும், தமிழிலும் மற்ற மொழிகளிலும் வரட்டும் என்பதே நான் கேட்பது. 2014 வரைவு ஆங்கிலத்தில் எத்தனை பக்கம் இருந்தது என்று பார்த்தவர்களுக்கு, ஒரு கிராமத்துப் பெண் அதற்குக் கருத்துச் சொல்வது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

அதுவரை நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், நகலும் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் பாருங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே அலுவலகத்துக்கு மனு போடுங்கள். மத்திய அரசுக்கு என்றால் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். ‘இன்ன தேதியில் நான் அனுப்பிய யோசனை எந்தக் கோப்பில் இருக்கிறது, அதன்மேல் எழுதப்பட்ட குறிப்பின் நகல் தருக’ என்று மட்டும் கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வராவிட்டால் மேல்முறையீடு உண்டு, அதற்குக் கட்டணம் இல்லை.

திருவாரூர் அம்மா, உங்கள் கடிதத்துக்கும் இதையே செய்யுங்கள். என்ன பதில் வந்தாலும் நமக்கு எழுதுங்கள், அப்படியே பிரசுரிக்கிறோம்.